கிணற்றுக் குளிர்ச்சி வீட்டுக்குள் வருமா?

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

மார்கழி மாதத்து விடியற்காலையில் கிணற்று நீரை இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்பவர் அது வெதுவெதுப்பாக இருக்கக் காண்கிறார். அதே கிணற்று நீர் சித்திரை நண்பகலில் உடலைச் சிலிர்க்க வைக்கிறது. நீரின் வெப்பநிலை இரு பருவங்களிலும் ஏறத்தாழ ஒன்றே. மாறியது வெளிக்காற்று, அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நம் உடலின் உணர்வு. கிராமத்தில் பிறந்த யாவரும் அறிந்த இச்சிறு உண்மையிலிருந்தே இக்கட்டுரையின் பொருள் தொடங்குகிறது.

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்திருப்பது அமிர்தி. அதனை அடுத்த ஒரு சிற்றூரில் மே மாதம் முதல் நாள் கிராம சபை கூடியிருந்தது. குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிய பேச்சு முடிந்த பின்னர், முதிய விவசாயி ஒருவர் எழுந்தார். "ஐயா, என் மகன் ஆம்பூரில் தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வீட்டில் ஏ.சி. மாட்டியிருக்கிறான். காற்று குளிர்ச்சியாகத்தான் வருகிறது. கரண்டு பில் வந்தால்தான் வியர்க்கிறது. நம் கிணற்றுக்குள்ளே இத்தனை குளிர்ச்சி சும்மா கிடக்கிறதே, அதை வீட்டுக்குள் கொண்டுவர வழி கிடையாதா?" என்று கேட்டார். சபையில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அது சிரித்துத் தள்ளத்தக்க கேள்வியன்று. வழி உண்டு, உலகின் பல நாடுகளில் அது நடைமுறையில் இருக்கிறது. அவ்வழி நம் வேலூர்ப் பகுதிக்கு எவ்வளவு பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை அன்று அவருக்குச் சுருக்கமாகச் சொன்னேன். இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

மண்ணுக்குள் இருப்பது என்ன?

பகலில் வெயில் பட்டுச் சுடும் மண் இரவில் ஆறிவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கம் நிலத்துக்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம் வரையில்தான் செல்லும். கோடையும் குளிர்காலமும் மாறி மாறி வருவதால் ஏற்படும் வேறுபாடு இன்னும் கீழே செல்கிறது. எனினும் 10 மீட்டர், அதாவது 33 அடி ஆழத்தில் அதுவும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அதற்குக் கீழே, அவ்வூர்க் காற்றின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே மண்ணும் பாறையும் இருக்கின்றன. வேலூர்ப் பகுதியில் அது சற்றேறக்குறைய 28 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலில் காற்று 40 டிகிரியைத் தாண்டும்போதும் கிணற்றடிப் பாறை 28 டிகிரியை ஒட்டியே நிற்கிறது.

இங்கு ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். புவிவெப்பம் என்றதும் இமாசலப் பிரதேசத்து மணிகரண் வெந்நீர் ஊற்றும், லடாக்கின் பூகா பள்ளத்தாக்கும் நினைவுக்கு வரும். அவை பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலே வரும் இடங்கள். பொதுவாக நிலத்துக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடும். நாம் பேசப்போகும் முறைக்கு வெந்நீர் ஊற்று தேவையில்லை. மேல் மண்ணில் சூரியன் சேர்த்து வைத்துள்ள, மாறாத மிதமான வெப்பமே இதற்குப் போதும். ஆகவே இதை எந்த ஊரிலும் அமைக்க இயலும். ஆனால் எந்த ஊரிலும் இலாபம் தரும் என்று சொல்ல இயலாது.

கவலை ஏற்றமும் வெப்பப் பம்பும்

நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகப் பாய்கிறது. பள்ளத்திலிருந்து மேட்டுக்குக் கொண்டுவர மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள் நம் முன்னோர். இன்று பம்ப்செட் வைத்திருக்கிறோம். வெப்பமும் அவ்வாறே. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானாகச் செல்லும்; குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குச் செல்ல வேண்டுமானால் அதனை இறைக்க வேண்டும். அவ்வாறு இறைக்கும் கருவியே வெப்பப் பம்பு. வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டியும் ஒரு வெப்பப் பம்புதான். உள்ளே வைத்த பாலின் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுவதால்தான் அப்பெட்டியின் பின்புறம் சுடுகிறது.

இறைப்பது எப்படி? ஊசி போடுமுன் செவிலியர் கையில் ஸ்பிரிட் தடவுகிறார். அது ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துச் செல்வதால் அவ்விடம் குளிர்கிறது. வெப்பப் பம்பினுள் இவ்வாறு எளிதில் ஆவியாகும் திரவம் ஒன்று ஓயாமல் சுற்றி வருகிறது. வீட்டுக்குள் இருக்கும் சுருளில் அது ஆவியாகி அறையின் வெப்பத்தை ஏற்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் அமுக்குகிறது. அமுக்கப்பட்ட ஆவி மிகச் சூடாகிறது. பின்னர் மற்றொரு சுருளில் தன் வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. ஒரு சிறு துளை வழியே அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, முதற்சுருளுக்குத் திரும்புகிறது. ஒரு வால்வைத் திருப்பிவிட்டால் இச்சுற்று எதிர்த்திசையில் ஓடும். அப்போது வெளியிலுள்ள வெப்பம் வீட்டுக்குள் வரும். ஒரே கருவி கோடையில் குளிரூட்டவும் குளிர்காலத்தில் வெப்பமூட்டவும் பயன்படுவது இவ்வாறே.

கிணறு எவ்வளவு ஆழமோ அவ்வளவு உழைப்பு. 60 அடியிலிருந்து ஒரு சால் நீர் இறைக்கும் உழைப்பில் 20 அடியிலிருந்து மூன்று சால் இறைக்கலாம். வெப்பப் பம்புக்கு இந்த ஆழம் என்பது இரு பக்க வெப்பநிலைகளின் வேறுபாடு. அறையை 26 டிகிரியில் வைக்க வேண்டும். வெளிக்காற்றோ 40 டிகிரி. சாதாரண ஏ.சி. அவ்வளவு உயரத்துக்கு வெப்பத்தை இறைத்துக் கொட்டுகிறது. கொட்டும் இடத்தை 28 டிகிரி மண்ணாக மாற்றிவிட்டால் கிணற்றின் ஆழம் குறைகிறது, உழைப்பும் குறைகிறது. கடும் வெயிலில் சாதாரண ஏ.சி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 3 யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்றால், மண்ணோடு இணைந்த வெப்பப் பம்பு 4 முதல் 5 யூனிட் வரை வெளியேற்றும். இதன் சிறப்பெல்லாம் இவ்வளவே. இதற்கு மேல் மாயம் எதுவுமில்லை.

இக்கருத்து புதியதன்று. கெல்வின் பிரபு 1852ஆம் ஆண்டிலேயே இதை எடுத்துரைத்தார். நிலத்து வெப்பத்தைப் பயன்படுத்துவதற்கான காப்புரிமை 1912ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பெறப்பட்டது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 1948ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காமன்வெல்த் கட்டடம் கிணற்று நீரைக் கொண்டு வெப்பமும் குளிர்ச்சியும் பெற்றது. குளிர் நாடான சுவீடனில் இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நிலவெப்பப் பம்புகள் இயங்குகின்றன. நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட தேசியப் புவிவெப்ப எரிசக்திக் கொள்கை இவ்வகைப் பம்புகளையும் தன்னுள் சேர்த்துக்கொண்டுள்ளது.

குழாய் இடும் மூன்று முறைகள்

முதலாவது, கிடைமட்ட முறை. ஐந்தாறு அடி ஆழத்துக்கு நீண்ட வாய்க்கால் வெட்டி, பிளாஸ்டிக் குழாயைப் பரப்பி மூடுவது. இதற்கு நிலம் மிகுதியாக வேண்டும். மேலும் நம் வெயிலில் ஐந்தடி ஆழத்து மண் கோடையில் ஓரளவு சூடேறிவிடும்.

இரண்டாவது, செங்குத்து முறை. ஆழ்துளை இட்டு அதனுள் 'ப' வடிவில் வளைந்த குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் இடையே உள்ள வெளியைப் பெண்டோனைட் களிமண் கலவையால் அடைத்துவிடுவது. குழாயினுள் அதே நீரே திரும்பத் திரும்பச் சுற்றும். நிலத்திலிருந்து ஒரு சொட்டு நீரும் எடுக்கப்படுவதில்லை. ஒரு டன் குளிரூட்டலுக்கு, அதாவது மூன்றரை கிலோவாட் வெப்பத்துக்கு, பாறையின் தன்மைக்கேற்ப 50 முதல் 80 மீட்டர் துளை தேவைப்படும். நம் பகுதியின் கடும்பாறை விவசாயிக்குப் பகைவன். வெப்பப் பம்புக்கோ நண்பன். உலர்ந்த மண்ணைவிட இப்பாறை வெப்பத்தை இரண்டு மூன்று மடங்கு நன்றாகக் கடத்தும். துளையிடும் தொழிலிலும் நமக்குக் குறைவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் செல்வதை யாவரும் அறிவர்.

மூன்றாவது, திறந்த முறை. ஒரு கிணற்றிலிருந்து நீரை எடுத்து, பம்பின் வழியே செலுத்தி, மற்றொரு கிணற்றில் விடுவது. போர்ட்லாந்துக் கட்டடம் இம்முறையைச் சேர்ந்தது. செலவு குறைவு. எனினும் நம் மாவட்டத்துக்கு இது அறவே பொருந்தாது என்பது என் துணிபு. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

வேலூருக்குரிய கணக்கு

மண் ஒரு வங்கி போன்றது. சுவீடன் நாட்டார் குளிர்காலத்தில் அதிலிருந்து வெப்பத்தை எடுக்கிறார்கள். கோடை அதனைத் திரும்பச் சேர்க்கிறது. நம் நிலைமை வேறு. நமக்கு வீட்டைச் சூடாக்கும் தேவை கிட்டத்தட்ட இல்லை. ஆண்டு முழுவதும் வெப்பத்தைப் போடுவோமேயன்றி எடுக்க மாட்டோம். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு டன் கருவி நாளொன்றுக்கு 8 மணி நேரம் முழு அளவில் ஓடினால் அறையிலிருந்து 28 யூனிட் வெப்பத்தை எடுக்கும். கம்ப்ரசர் செலவிடும் 7 யூனிட்டும் வெப்பமாகி அதனுடன் சேர, 35 யூனிட் மண்ணுக்குள் செல்லும். ஆண்டில் 200 நாட்களுக்கு 7,000 யூனிட் ஆகிறது. 60 மீட்டர் துளையைச் சுற்றிலும் 3 மீட்டர் தொலைவு வரை உள்ள பாறை ஏறத்தாழ 1,700 கனமீட்டர். அதனை ஒரு டிகிரி சூடாக்க 1,000 யூனிட் அளவில் வெப்பம் போதும். ஆகவே வெப்பம் வெளியே பரவாமல் அங்கேயே தங்கிவிடுமானால், ஒரே ஆண்டில் பாறை 7 டிகிரி சூடேறிவிடும். 28 டிகிரி 35 ஆகும். கிணற்றின் ஆழத்தைக் குறைக்கச் சென்றோம். அது மீண்டும் ஆழமாகிவிடுகிறது.

உண்மையில் வெப்பம் பக்கத்துப் பாறைக்குச் சிறுகச் சிறுகப் பரவும். தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் ஒரு வீட்டின் ஒரு துளைக்கு அதனால் பெரும் இடர் நேராது. நெருக்கமான தெருவில் வீட்டுக்கு ஒரு துளை இட்டாலோ, ஒரு பெரிய கட்டடத்துக்கு இருபது துளைகளை அருகருகே இட்டாலோ வெப்பம் பரவ இடமின்றித் தேங்கும்.

சேமிப்பையும் பார்ப்போம். அதே 28 யூனிட் வெப்பத்தை வெளியேற்றச் சாதாரண ஏ.சி. சுமார் 9 யூனிட் மின்சாரம் கொள்ளும். நிலவெப்பப் பம்பு 7 யூனிட் கொள்ளும். நாளொன்றுக்கு இரண்டு அல்லது இரண்டரை யூனிட். ஆண்டுக்கு ஏறத்தாழ 500 யூனிட் மிச்சம். இருநூறு அடித் துளை, குழாய், களிமண் அடைப்பு, தனிக் கருவி ஆகிய இவற்றின் செலவை ஈடுசெய்ய இந்த 500 யூனிட் நெடுங்காலம் எடுத்துக்கொள்ளும். ஒரு படுக்கையறைக்கு ஏ.சி. வைத்திருக்கும் குடும்பம் இதற்காகக் கடன் வாங்குவது அறிவுடைமையாகாது. இதனை ஒளியாமல் சொல்வது என் கடமை.

எங்கே இலாபம்?

போட்ட வெப்பத்தை எடுத்துப் பயன்படுத்தும் வழி இருக்குமிடத்தில்தான் இலாபம். ஒரே வளாகத்தில் குளிர்ச்சியும் வெந்நீரும் தேவைப்படும் இடங்கள் நம் மாவட்டத்தில் பல உண்டு. பால் குளிர்விப்பு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 1,000 லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் குளிரச் செய்ய அதிலிருந்து ஏறத்தாழ 34 யூனிட் வெப்பத்தை எடுக்க வேண்டும். சாதாரணமாக இவ்வெப்பம் காற்றில் வீணாகிறது. அதனுடன் கம்ப்ரசரின் உழைப்பும் சேர்ந்தால், ஏறத்தாழ அதே அளவு நீரை 60 டிகிரிக்குக் காய்ச்சப் போதுமானது. கேன்களையும் தொட்டிகளையும் கழுவ அந்நீர் பயன்படும். ஒரே மின்சாரத்தில் இரு வேலைகள். இங்கே மண் என்ன செய்கிறது? ஒரு வேளை வெப்பம் மிஞ்சும். மறு வேளை போதாது. மிச்சத்தை வைத்துக் குறையைக் கொடுக்கும் இடைக்காலச் சேமிப்பாக அது நிற்கிறது.

மருத்துவமனைகளும் மாணவர் விடுதிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலும் அவ்வாறே. தோலுக்குச் சாயமேற்றி எண்ணெயூட்டும் பீப்பாய்களுக்கு 50 முதல் 60 டிகிரி வெந்நீர் நாள்தோறும் தேவை; அதே வளாகத்தில் அலுவலகங்களும் காலணி தைக்கும் கூடங்களும் குளிர்ச்சியை வேண்டி நிற்கின்றன. கூடத்தின் வெப்பத்தைப் பீப்பாய்க்கு ஏற்றினால் கொதிகலனுக்கு இடும் விறகு குறையும். விறகு குறைந்தால் மலைக்காடு தழைக்கும். ஆனால் 60 டிகிரிக்கு ஏற்றுவது ஆழக்கிணற்றில் இறைப்பது போன்றது. யூனிட்டுக்குக் கிடைக்கும் பலன் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி, மெய்யாகவே வீட்டைச் சூடாக்கும் தேவையுள்ள இடம் நம் மாநிலத்தில் நீலகிரி. உதகையில் பனிக்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலையை நெருங்குகிறது. அங்கே கரியும் விறகும் எரித்து அறையைச் சூடாக்குவதற்குப் பதில் இக்கருவியைக் கருதலாம்.

தண்ணீரில் விளையாடக் கூடாது

திறந்த முறை கூடாது என்றேன். பாலாற்றுப் படுகையின் துயரம் நாடறிந்தது. தோல் பதனிடும் கழிவுகளால் நிலத்தடி நீர் உப்பாகிப் பாழான செய்தி உச்ச நீதிமன்றம் வரை சென்று, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இத்தீர்ப்பினால் இந்தியச் சட்டத்தில் உறுதி பெற்றது. அத்தகைய மண்ணில் குடிக்கும் நீரை வீட்டைக் குளிர்விக்க இறைப்பதோ, ஒரு கிணற்று நீரை எடுத்து மற்றொரு கிணற்றில் கலப்பதோ தகாது.

மூடிய செங்குத்து முறையிலும் ஓர் ஆபத்து உண்டு. மேல் அடுக்கில் கெட்ட நீரும் கீழ்ப் பாறை வெடிப்பில் நல்ல நீரும் இருக்கும் இடத்தில், சரிவர அடைக்கப்படாத துளை இரண்டையும் இணைக்கும் குழாயாகிவிடும். மேலே உள்ள கேடு கீழே இறங்கும். ஆகவே களிமண் கலவையை அடியிலிருந்து மேல்வரை இடைவெளியின்றி நிரப்புவது கட்டாயம். அவ்வேலையைக் கண்ணெதிரே செய்து முடிக்கும் வரை ரிக் வண்டிக்குக் கூலி தீர்க்க வேண்டாம்.

நீர் வற்றிக் கைவிடப்பட்ட போர்களை இதற்குப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல எண்ணம். துளையின் செலவு முன்னமே செய்யப்பட்டுவிட்டது. ஆனால் துளையினுள் காற்று நிறைந்திருந்தால் வெப்பம் கடவாது. குழாயை இறக்கியபின் முழுவதும் அடைத்தாக வேண்டும். அவ்வாறு அடைப்பதால் மற்றொரு நன்மையும் விளையும். 2019ஆம் ஆண்டு அக்டோபரில் மணப்பாறை அருகே திறந்து கிடந்த துளையில் விழுந்து ஒரு குழந்தை மாண்டதை நாம் மறக்கவில்லை. பம்பு வைத்தாலும் வைக்காவிட்டாலும், கைவிட்ட துளையை மூடுவது இன்றே செய்ய வேண்டிய வேலை.

பம்பு இல்லாத எளிய முறை

கம்ப்ரசர் இன்றியும் மண்ணின் குளிர்ச்சியை ஓரளவு பெறலாம். காற்றையே மண்ணுக்குள் அனுப்பி எடுக்கும் முறை அது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கிரிஜா சரண் இதனை ஆராய்ந்தார். 3 மீட்டர் ஆழத்தில் 50 மீட்டர் நீளக் குழாயைப் புதைத்துச் சிறு விசிறியால் காற்றைச் செலுத்தியபோது, மே மாதத்து வெப்பக்காற்று 14 டிகிரி வரை குளிர்ந்து வெளிவந்தது; ஜனவரி இரவின் குளிர்காற்று வெதுவெதுப்பாகி வந்தது. அந்நகரத்து விலங்கியல் பூங்காவில் புலிகளின் இருப்பிடத்துக்கும் இம்முறை அமைக்கப்பட்டது. தில்லியை அடுத்த குவால் பஹாரியில் டெரி நிறுவனத்தின் பயிற்சி இல்லமும் 4 மீட்டர் ஆழத்துச் சுரங்கக் காற்றினால் குளிர்ச்சி பெறுகிறது.

புலிக்கு ஆகும் குளிர்ச்சி மானுக்கும் மனிதர்க்கும் ஆகாதோ? 1967ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நம் அமிர்தி விலங்கியல் பூங்கா ஆற்றங்கரையில் அமைந்தது. அத்தகைய ஆற்றோர மண்ணில், பாறையில்லாத இடத்தில், பத்தடி ஆழம் தோண்டுவது எளிது. பார்வையாளர் கூடம், அங்கன்வாடி, பள்ளியின் ஓர் அறை ஆகியவற்றுக்கு இதைச் சோதித்துப் பார்க்கலாம். நான்கு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். குழாய் ஒரு பக்கம் சரிவாக இருக்க வேண்டும். உள்ளே ஊறும் நீர் வடிய வழி வேண்டும். வாயில் பூச்சியும் எலியும் புகாத வலை வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழாயை மூழ்கடிக்காத இடமாக இருக்க வேண்டும். இம்முறை உலர்ந்த கோடைக்கு ஏற்றது. புழுக்கமான ஆவணி இரவில் பெரிதாக உதவாது.

செய்யத் தக்கவை

மேற்கூறியவற்றைத் தொகுத்துச் சொல்வோம். தனி வீட்டுக்காரர் முதலில் வெப்பம் உள்ளே வராமல் தடுக்கட்டும். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு வெள்ளை, மேற்குச் சுவருக்கு மரநிழல், சன்னலுக்கு வெளித்தட்டி ஆகிய இவை எந்தப் பம்பையும்விட மலிவானவை. பொதுக் கட்டடம் கட்டும் ஊராட்சிகள், இடம் வாய்த்தால், மண்வழிக் காற்று முறையை அடித்தளம் தோண்டும்போதே திட்டத்தில் சேர்க்கட்டும். பின்னர்த் தோண்டுவது இரட்டைச் செலவு. பால் சங்கங்கள், மருத்துவமனைகள், விடுதிகள், தோல் தொழிற்கூடங்கள் ஆகியவை, நாளொன்றுக்கு எவ்வளவு குளிர்ச்சி, எவ்வளவு வெந்நீர் தேவை என்று ஓராண்டுக் கணக்கை முதலில் எழுதி வைக்கட்டும். இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ ஈடுசெய்தால் பொறியாளரை அழைக்கலாம். துளையிடுவதற்கு முன் ஊராட்சியின் அனுமதி பெறுதல் எல்லோர்க்கும் பொது.

கிராம சபையில் கேள்வி கேட்ட பெரியவரிடம், "ஐயா, கிணற்றுக் குளிர்ச்சி வீட்டுக்குள் வரும், ஆனால் உங்கள் வீட்டின் வெப்பம் கிணற்றுக்குப் போகும். போனதைத் திரும்ப எடுக்க வழி வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்" என்றேன். அவர் சற்று யோசித்து, "கடன் வாங்குகிற மாதிரிதானே? அப்படியானால் மகனிடம் முதலில் மாடிக்கு வெள்ளையடிக்கச் சொல்கிறேன்" என்றார். அதைவிடத் தெளிவாக இப்பாடத்தை நானும் சொல்லியிருக்க முடியாது. மண்ணும் நீரும் நமக்குப் பின் வருவோர்க்கும் உரியவை. அவற்றின் கணக்கை நேர்மையாக எழுதிக்கொண்டு புதிய விஞ்ஞானத்தைக் கைக்கொள்வோமாக.